கொலஸ்ட்ரோல் ரிப்போட்டக் கையில வச்சிக்கிட்டு முழிக்கிறவங்களுக்கு: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக்கான வழிகாட்டி

அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்து, அதுக்குப் பிறகு அண்ணனுக்கும் எனக்கும் கொலஸ்ட்ரோல் கூட எண்டு ரிப்போட் வந்த நேரம் எங்கள ஆளுக்கொரு பக்கம் இழுத்தாங்க. ஒருத்தர் முட்டைய நிப்பாட்டு எண்டார், இன்னொருத்தர் குளிசை போட்டா ஈரல் போயிரும் எண்டார், லண்டன்ல இருந்து மாமி போன் எடுத்து எனக்கு 5.2 தான் உனக்கு 240 ஆ எண்டு அழத் தொடங்கிட்டா. எந்த இடத்துக்கு முதல்ல போறது, என்ன கொண்டு போறது, எது இலவசம், எதுக்குக் காசு, எவ்வளவு காலத்தில என்ன நடக்கும் எண்டு வரிசையாச் சொல்ல ஆள் இல்ல. அதனாலதான் இத எழுதுறன். நான் டொக்டர் இல்ல, குளிசைய மாத்துறதும் நிப்பாட்டுறதும் உங்கட டொக்டரோட கதைச்சித்தான் செய்யணும், ஆனா அவருக்கு முன்னால போய் இருக்கிற அந்த அஞ்சு நிமிசத்துக்கு நீங்க தயாராப் போறதுக்கு இது உதவும்.

1. எல்லாத்துக்கும் முதல், நெஞ்சு நோ வந்தா என்ன செய்யிறது

ரிப்போட்டு, சாப்பாடு எல்லாம் மறுகா பார்க்கலாம். இதத்தான் வீட்டில எல்லாரும் முதல்ல தெரிஞ்சி வைக்கணும்.

நெஞ்சு நடுவுல பாரம் வச்ச மாதிரி, இறுக்குற மாதிரி வந்து கொஞ்ச நேரத்தில போகாம நிண்டா, இடது கைக்கோ ரெண்டு கைக்குமோ தாடைக்கோ முதுகுக்கோ இழுத்தா, குளிர்ந்த வேர்வை, மூச்சு வாங்கல், சத்தி வாற மாதிரி இருந்தா உடனே 1990 க்கு அடிங்க. சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்ல, தமிழ்ல கதைக்கலாம். விலாசம் சொல்லும்போது வீட்டு நம்பர மட்டும் சொல்லாம பக்கத்தில இரிக்கிற கோயில், பள்ளி, சந்தி, ஸ்கூல் பேரச் சொல்லி, ஒராள ரோட்டுக்கு அனுப்பி நிப்பாட்டுங்க. ஆள நடக்க விடாதீங்க, இருத்தி வைங்க. அஸ்பிரின் வீட்டில இருந்தா லைன்ல இரிக்கிறவங்கட்டக் கேளுங்க, அவங்க குடுக்கச் சொன்னா 300 மில்லிகிராம் சப்பி முழுங்கணும். அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவங்க, வயித்துப்புண்ணால ரத்தம் போறவங்க எண்டா அதையும் அவங்கட்டச் சொல்லுங்க.

மோட்டச்சைக்கிள்ல நடுவில இருத்தி ரெண்டு பேர் பிடிச்சிக்கிட்டுப் போறது நம்ம பக்கம் நிறைய நடக்குது. வழியில இதயம் நிண்டா ஒண்டும் செய்யேலாது. அம்புலன்ஸ் வர நேரமாகும் எண்டு அவங்களே சொன்னா மட்டும் ஓட்டோவோ காரோ பிடிங்க, நோவோட இரிக்கிறவர் வாகனம் ஓட்டக் கூடாது.

இதில பெரிய பொறி "கேஸ்" எண்டு நினைக்கிறது. இஞ்சித் தண்ணி, ஓமத்தண்ணி, சோடா, கேஸ் குளிசை எண்டு ரெண்டு மூணு மணித்தியாலம் போயிரும். அடைப்பக் கரைக்கிற ஊசி நோ தொடங்கி 12 மணித்தியாலத்துக்குள்ள குடுக்கிறது, அதிலயும் முதல் ஒண்டு ரெண்டு மணித்தியாலத்தில குடுத்தாத்தான் இதயத் தசை நிறையத் தப்பும். பொம்பிளைகளுக்கும், சீனி வருத்தம் இரிக்கிறவங்களுக்கும், வயசானவங்களுக்கும் நோவே இல்லாம வெறும் களைப்பு, மூச்சு முட்டு, மேல் வயித்து எரிவு எண்டு மட்டும் வரலாம். அம்மாக்கள் "ஒண்டுமில்ல, கொஞ்சம் படுத்தாச் சரி" எண்டு சொல்லுவாங்க, அந்தப் பேச்சக் கேக்காதீங்க.

முதல் ஈசிஜி நல்லாயிருக்கு எண்டு வந்தாலும் நோ இருந்தா வீட்ட வராதீங்க. சில அட்டாக் முதல் ஈசிஜில தெரியாது, திரும்ப ஈசிஜி எடுத்து ட்ரொபொனின் எண்ட ரத்த டெஸ்ட்டும் பார்த்துத்தான் முடிவு சொல்லுவாங்க.

படுவான்கரைப் பக்கம், வாகரைப் பக்கம் இரிக்கிறவங்க, இல்லாட்டி அம்பாறையில உள்ளூர்க் கிராமங்கள்ல இரிக்கிறவங்க இண்டைக்கே ஒரு வேலை செய்யுங்க. உங்கட ஊருக்குக் கிட்ட, ராவு நேரத்திலயும் ஈசிஜி எடுத்து டொக்டர் பார்க்கிற ஆஸ்பத்திரி எது எண்டு விசாரிச்சு வைங்க. கிட்ட இரிக்கிற சின்ன ஆஸ்பத்திரியில பகல்ல மட்டும் டொக்டர் எண்டா ராவு பன்னிரண்டு மணிக்கு அங்க போய் கேட்டத் தட்டிக்கொண்டு நிக்கேலாது. களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறை எண்டு ஆதார வைத்தியசாலைகள் இரிக்கு, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் அம்பாறை பொது வைத்தியசாலையும் பெரிய இடங்கள். எது கிட்ட, எது திறந்திருக்கும் எண்டு அமைதியா இரிக்கிற நேரத்திலதான் கண்டுபிடிக்கலாம்.

2. உங்கட கணக்கப் போடுங்க, கொலஸ்ட்ரோல் மட்டும் பார்த்தாக் காணாது

ரிப்போட் வந்த உடனே எல்லாரும் அந்த ஒரு நம்பரத்தான் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. கொலஸ்ட்ரோல் 230 இரிக்கிற ரெண்டு பேர எடுங்க. ஒராள் 38 வயசு, சிகரெட் இல்ல, பிறசர் இல்ல. மற்றவர் 56 வயசு, ஒரு நாளைக்கு ஒரு பக்கட் சிகரெட், சீனி வருத்தமும் இரிக்கு. நம்பர் ஒண்டு, ஆபத்து ஒண்டில்ல. டொக்டர் ஒருத்தருக்குக் குளிசை எழுதி மற்றவருக்கு எழுதாம விடுறதுக்கு இதுதான் காரணம்.

ஒரு பேப்பர எடுத்து இதெல்லாம் எழுதுங்க:

வயசு. ஆம்பிளையா பொம்பிளையா (மாதவிடாய் நிண்ட பிறகு பொம்பிளைகளுக்கும் ஆபத்து ஏறும்). அப்பா அல்லது கூடப்பிறந்த ஆண்கள்ல ஒராளுக்கு 55 வயசுக்கு முதல், அம்மா அல்லது சகோதரிக்கு 65 க்கு முதல் ஹார்ட் அட்டாக் வந்ததா. சிகரெட், பீடி, புகையிலை போட்ட வெத்திலை. பிறசர். சீனி. இடுப்புச் சுற்றளவு. ஒரு கிழமைக்கு எவ்வளவு நடக்கிறீங்க. பொம்பிளைகள் எண்டா, வயித்தில புள்ள இரிக்கும்போது பிறசரோ சீனியோ வந்ததா, அதையும் எழுதணும், புள்ளை பிறந்து எல்லாம் சரியாகிட்டு எண்டு மறந்துருவோம், ஆனா பிற்காலத்தில ஆபத்தக் கூட்டுற விசயம் அது.

இடுப்ப அளக்கிறது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில, மூச்ச விட்ட பிறகு, வயித்த உள்ளுக்கு இழுக்காம. நம்ம ஆக்களுக்கு ஆம்பிளை 90 சென்ரிமீற்றர், பொம்பிளை 80 க்கு மேல போனாக் கவனம். ஆள் மெலிவு, வயிறு மட்டும் முன்னுக்கு, இப்பிடி இரிக்கிறவங்க நம்ம பக்கம் நிறைய, நிறை சரியாத்தானே இரிக்கு எண்டு அவங்க விட்டிருவாங்க.

2004 ல வெளிவந்த இன்டர்ஹார்ட் எண்ட ஆய்வு 52 நாட்டில செஞ்சது, அதில இலங்கையும் இரிக்கு. முதல் ஹார்ட் அட்டாக்குகள்ல 90 வீதத்துக்குக் கிட்டவானதுக்கு 9 விசயம்தான் காரணம் எண்டு கண்டாங்க: கெட்ட கொழுப்பு, புகை, பிறசர், சீனி வருத்தம், வயித்துக் கொழுப்பு, மன அழுத்தம், மரக்கறி பழம் குறைவு, உடற்பயிற்சி குறைவு, குடி சம்பந்தப்பட்ட பழக்கம். தெற்காசியாக்காரருக்கு முதல் அட்டாக் வாற வயசு நடுவுல 53, மற்ற நாட்டுக்காரர விட அஞ்சாறு வருசம் முந்துது. 60 தாண்டினாப் பார்ப்பம் எண்டு தள்ளி வைக்கிறவங்க இந்த நம்பர ஒருக்கா யோசிங்க.

3. காசில்லாமத் தொடங்குற இடம்: எச்.எல்.சி

நேர தனியார் லேப்புக்குப் போகத் தேவையில்ல. 35 வயசு தாண்டினவங்களுக்கு அரச ஆஸ்பத்திரிகள்லயும் எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவுகள்லயும் எச்.எல்.சி எண்டு சொல்லுற ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம் நடக்குது. நிறை, உயரம், இடுப்பு, பிறசர், சீனி பார்ப்பாங்க, வசதி இரிக்கிற இடத்தில கொலஸ்ட்ரோலும் பார்ப்பாங்க. எல்லாம் இலவசம்.

எந்த நாள் எண்டதுதான் முக்கியம். சில இடத்தில கிழமைக்கு ஒரு நாள் ரெண்டு நாள்தான், அதனால முதல்ல ஆஸ்பத்திரிக்கோ எம்.ஓ.எச் பணிமனைக்கோ போன் போட்டு, இல்லாட்டி உங்கட பகுதி பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இல்லாட்டி மிட்வைஃப் மிஸ்ஸிட்டக் கேட்டு நாளைத் தெரிஞ்சிக்கிட்டுப் போங்க. காலத்தால வெள்ளனப் போனாத்தான் நம்பர் கிடைக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடாமப் போங்க, தண்ணி குடிக்கலாம்.

கொண்டு போக வேண்டியது: அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி இருந்தா அது, பழைய ரிப்போட்டு, இப்ப போடுற குளிசைகளோட அட்டை அப்பிடியே (பேரச் சொல்லத் தேவையில்ல, அட்டையக் காட்டினாக் காணும்), மேல 2 ல எழுதின பேப்பர். ஆஸ்பத்திரியில பி.எச்.என் நம்பர் (உங்களுக்கெண்டு தாற சுகாதார நம்பர்) போட்ட அட்டை தந்திருந்தா அதையும்.

அங்க ஒரு கலர் சாட்ட வச்சிப் பார்ப்பாங்க, உலக சுகாதார நிறுவனத்தோட ஆபத்துச் சாட். 40 இல இருந்து 74 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்குச் செஞ்சது. வயசு, ஆண் பெண், புகை, பிறசர், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாத்தையும் சேர்த்து அடுத்த 10 வருசத்தில ஹார்ட் அட்டாக்கோ பக்கவாதமோ வாறதுக்கு எத்தினை வீதம் எண்டு கலர்ல காட்டும். பச்சை எண்டா 5 வீதத்துக்குக் கீழ, மஞ்சள் 5 இல இருந்து 10, ஒரேஞ்ச் 10 இல இருந்து 20, அதுக்கு மேல சிவப்பு. கொலஸ்ட்ரோல் டெஸ்ட் இல்லாத இடத்திலயும் நிறை உயரத்த வச்சிப் பார்க்கிற இன்னொரு சாட் இரிக்கு. "மிஸ், எனக்கு எந்தக் கலர், எத்தினை வீதம்?" எண்டு வாயத் திறந்து கேட்டுக் கொப்பியில எழுதி வாங்குங்க. கேக்காட்டி "கொஞ்சம் கூட, கவனமா இருங்க" எண்டதோட அனுப்பிருவாங்க, சனம் அவ்வளவு.

ஏற்கனவே ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கும் ஸ்டென்ட் (அடைச்ச ரத்தக்குழாயத் திறந்து பிடிக்கிற சின்னக் கம்பிக் குழாய்) வச்சவங்களுக்கும் இந்தச் சாட் இல்ல. அவங்க கணக்குப் போடாமலே கூடின ஆபத்துத்தான்.

4. ரத்த டெஸ்ட்: என்ன கேக்கிறது, எப்ப குடுக்கிறது

லேப்பில போய் "கொலஸ்ட்ரோல் பார்க்கணும்" எண்டா மொத்தக் கொலஸ்ட்ரோல் மட்டும் செஞ்சி தந்திருவாங்க. அது காணாது. "லிபிட் புரொஃபைல்" எண்டு கேளுங்க. அதில மொத்தம், எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரோல்), எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரோல்), ட்ரைகிளிசரைட் (ரத்தத்தில இரிக்கிற இன்னொரு கொழுப்பு) நாலும் வரும். விலை லேப்புக்கு லேப் வித்தியாசம், ரெண்டு மூணு இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுப் போங்க, கேக்கிறதில வெக்கமில்ல. "ஃபுல் பொடி பெக்கேஜ்" எண்டு பெருசா ஒண்டக் காட்டுவாங்க, அதில பாதி உங்களுக்குத் தேவைப்படாது. முதல் தடவைக்கு லிபிட் புரொஃபைல், வெறு வயித்துச் சீனி, எஸ்ஜிபிடி (ஈரலுக்கு), கிரியட்டினின் (கிட்னிக்கு), கொலஸ்ட்ரோல் நல்லாக் கூட எண்டா டிஎஸ்எச். கடைசியா சொன்னது தைரொயிட் டெஸ்ட். தைரொயிட் குறைவா வேலை செஞ்சாலும் கொலஸ்ட்ரோல் ஏறும், அதுக்கு மருந்து எடுத்தா இது தானா இறங்கும், அதப் பார்க்காமக் கொலஸ்ட்ரோல் குளிசையத் தொடங்குறது வீண் அலைச்சல்.

9 இல இருந்து 12 மணித்தியாலம் சாப்பிடாம இருங்க. ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்டாக் காலத்தால 7 மணிக்குக் குடுக்கலாம். தண்ணி மட்டும் குடிக்கலாம், பால் தேத்தண்ணியும் வேணாம் பிளேன்ரீயும் வேணாம். சாப்பிட்டுட்டுக் குடுத்தாலும் எல்டிஎல் பெருசா மாறாது, ட்ரைகிளிசரைட் மட்டும் ஏறிக் காட்டும், பிறகு திரும்பக் குடுக்கச் சொல்லுவாங்க, அந்தக் காச மிச்சம் பிடிக்கத்தான் இந்தப் பட்டினி. முதல் நாள் கலியாண வீட்டுப் பிரியாணி, சாராயம், பியர் இருந்தா டெஸ்ட்ட ரெண்டு மூணு நாள் தள்ளுங்க.

காய்ச்சல், டெங்கு, ஒப்பரேசன், ஹார்ட் அட்டாக் இதெல்லாம் வந்து கிட்டத்தில எடுத்தாக் கொலஸ்ட்ரோல் உண்மையில இரிக்கிறத விடக் குறைஞ்சு காட்டும், சரியாகிக் கொஞ்சக் கிழமை கழிச்சிக் குடுங்க. வயித்தில புள்ளை இரிக்கும்போது கூடிக் காட்டும், அந்த நேரத்து ரிப்போட்ட வச்சிப் பயப்பட வேணாம். நோன்பு காலத்தில குடுக்கணும் எண்டா லேப்புக்காரரிட்ட நேரத்தக் கேட்டுக்கங்க, சீனிக் குளிசை, இன்சுலின் போடுறவங்க நோன்புக்கு முதலே டொக்டரிட்டப் போய் அளவ மாத்தி எழுதி எடுக்கிறது கட்டாயம்.

5. ரிப்போட்ட வாசிக்கிறது

முதல்ல நம்பருக்குப் பக்கத்தில என்ன அலகு போட்டிருக்கு எண்டு பாருங்க. நம்ம நாட்டில அதிகமா மில்லிகிராம்/டெசிலீற்றர். லண்டன், கனடா, சுவிஸ் ரிப்போட்டெல்லாம் மில்லிமோல்/லீற்றர். கொலஸ்ட்ரோலுக்கு அவங்கட நம்பர 38.7 ஆல பெருக்கினா நம்மட நம்பர் வரும். மாமிட 5.2 எண்டா நம்மட 200. ட்ரைகிளிசரைட்டுக்கு மட்டும் 88.6 ஆல பெருக்கணும்.

எல்டிஎல்: இதுதான் ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள போய்ப் படியிறது, இதத்தான் குறைக்கப் போறோம். சாதாரணமா 100 க்குக் கீழ நல்லது. அட்டாக் வந்தவங்களுக்கு 70 க்குக் கீழ கொண்டு வரணும், இப்ப ஐரோப்பிய வழிகாட்டல்ல 55 க்குக் கீழ எண்டும் சொல்லுறாங்க. 190 உம் அதுக்கு மேலயும் எண்டா அது பரம்பரையா வாறதா இருக்கலாம், வயசு 30 எண்டாலும் கட்டாயம் டொக்டரக் காணணும், புள்ளைகளையும் கூடப்பிறந்தவங்களையும் பார்க்கணும்.

எச்டிஎல் ஆம்பிளைக்கு 40, பொம்பிளைக்கு 50 க்கு மேல இருந்தா நல்லம். ட்ரைகிளிசரைட் 150 க்குக் கீழ. அது 500 தாண்டினாக் கணையம் வீங்குற ஆபத்து இரிக்கு, தவணைக்கு நிக்காம உடனே காட்டுங்க. ட்ரைகிளிசரைட் 400 தாண்டினாக் கணக்குப் போட்டு எடுக்கிற எல்டிஎல் சரியா வராது, நேரடியா அளக்கிற எல்டிஎல் டெஸ்ட் கேளுங்க.

ரிப்போட் ஓரத்தில "நோர்மல்" எண்டு ஒரு அளவு அச்சடிச்சிருக்கும் பாருங்க, எல்லாருக்கும் பொதுவான அளவு அது. உங்களுக்கு எவ்வளவுக்கு இறக்கணும் எண்டது உங்கட ஆபத்தப் பொறுத்தது. அப்பாட ரிப்போட்டில எல்டிஎல் 118 க்குப் பக்கத்தில ஒரு குறியும் இல்ல, நாங்க சந்தோசப்பட்டம், கிளினிக்கில டொக்டர் பார்த்துட்டு உங்களுக்கு இது கூட எண்டு குளிசைய ஏத்தினார்.

இன்னொண்டு, அடைப்பு குழாயில மண் நிரம்பி அடைக்கிற மாதிரி மெதுவாத்தான் வரும், வந்தாத் தெரியும் எண்டு நினைக்கிறாங்க. அப்பிடி இல்ல. பாதிகூட அடைக்காத ஒரு கொழுப்புப் படிவு வெடிச்சி, அதுக்கு மேல ரத்தம் கட்டியாகி, சில நிமிசத்தில முழுசா அடைக்கலாம். நேத்து வரைக்கும் வயல்ல வேலை செஞ்ச மனுசன் இண்டைக்கு விழுறது இதனாலதான். நான் நல்லாத்தானே இரிக்கன், எனக்கு ஒண்டும் செய்யல்லியே எண்ட கதைய வச்சி ஒண்டும் முடிவெடுக்கேலாது.

6. டொக்டருக்கு முன்னால

கிளினிக்கில உங்களுக்குக் கிடைக்கிறது சில நிமிசம். கேள்விய எழுதிக் கொண்டு போங்க. எனக்கு எத்தினை வீதம் ஆபத்து? எல்டிஎல் எவ்வளவுக்கு இறக்கணும்? குளிசை இப்பவே வேணுமா, இல்ல மூணு மாதம் சாப்பாட்டாலயும் நடையாலயும் பார்க்கலாமா? அடுத்த டெஸ்ட் எப்ப? பிறசர், சீனிக் குளிசையோட இது ஒத்துப்போகுமா?

தனியாரா சனல் பண்ணிக் காட்டினா டொக்டர் காசு வேற, அந்த இடத்துக் காசு வேற, ரெண்டையும் சேர்த்து எவ்வளவு எண்டு புக் பண்ணும்போதே கேளுங்க. ஒருக்கா தனியாரில காட்டி, அவர்ட துண்டையும் ரிப்போட்டையும் கொண்டு போய் உங்கட ஆஸ்பத்திரி ஓபிடியில காட்டி மெடிக்கல் கிளினிக்குக்குப் போடச் சொல்லிக் கேட்டா மாதா மாதம் குளிசை இலவசமா எடுக்கலாம். வாழ்நாள் முழுக்கப் போற மருந்து இது, மாதா மாதம் சனல் பண்ணிக் காசு கட்டிக்கிட்டு இருக்க ஏலாது.

7. குளிசை

அதிகமா எழுதுறது அட்டோவஸ்டட்டின், இல்லாட்டி ரொசுவஸ்டட்டின். இது ரெண்டையும் எந்த நேரத்திலயும் போடலாம், ஒரே நேரத்தில போட்டாச் சரி. சிம்வஸ்டட்டின் எண்டா ராத்திரிக்கு. நல்ல அளவு குடுத்தா எல்டிஎல் பாதியாக் குறையும்.

தொடங்கி 6 இல இருந்து 12 கிழமைக்குள்ள திரும்ப லிபிட் புரொஃபைல் பார்க்கணும். ரெண்டு கிழமையில குறையல்லியே எண்டு ஓடித்திரிய வேணாம்.

இனி நான் கண்ட பொறிகள்லயே மோசமானது. ரெண்டாவது ரிப்போட் நல்லா வந்த உடனே "கொலஸ்ட்ரோல் சரியாகிட்டு" எண்டு குளிசைய நிப்பாட்டுறது. நல்லா வந்தது குளிசையால. நிப்பாட்டினாக் கொஞ்சக் கிழமையில பழைய இடத்துக்குப் போயிரும். எங்கட ஒழுங்கையிலயே இப்பிடி நிப்பாட்டின ஆக்கள எனக்குத் தெரியும், ஆரும் அவங்களுக்கு இதச் சொல்லல்ல எண்டதுதான் கவலை.

ஸ்டென்ட் வச்சவங்க அஸ்பிரின், குளோபிடோகிரல் ரெண்டையும் டொக்டர் சொல்லுற காலம் வரைக்கும் ஒரு நாளும் விடக் கூடாது. பல்லுப் பிடுங்கப் போனாக் கூட நீங்களா நிப்பாட்டாதீங்க, முதல்ல இதய டொக்டரிட்டக் கேளுங்க. விட்டா ஸ்டென்டுக்குள்ளயே ரத்தம் கட்டும்.

பக்க விளைவப் பற்றி: சிலருக்குத் தசை நோகும். சாதாரண நோ எண்டா டொக்டரிட்டச் சொல்லி அளவ மாத்தலாம், வேற குளிசைக்குப் போகலாம், வழி இரிக்கு. ஆனா கடுமையான தசை நோவோட சிறுநீர் தேத்தண்ணிக் கலர்ல போனா உடனே ஆஸ்பத்திரி. ஈரல் பழுதாகும் எண்டு எல்லாரும் பயப்படுறாங்க, அது மிச்சம் குறைவு, அதுக்குத்தான் எஸ்ஜிபிடி பார்க்கிறது. புள்ளை தங்கினா, தங்க யோசிச்சாலும், உடனே டொக்டரிட்டச் சொல்லணும். வேற வருத்தத்துக்குக் கிளரித்ரோமைசின் மாதிரி அன்டிபயோட்டிக் எழுதினா நான் கொலஸ்ட்ரோல் குளிசை போடுறன் எண்டு சொல்லுங்க, சிலது ரெண்டும் சேர்ந்தா ஒத்துக்கொள்ளாது. இதய வருத்தக்காரர் முழங்கால் நோவுக்குப் பாமசியில டைக்ளோஃபெனக் வாங்கிப் போடுறத விட்டிருங்க, அது இதயத்துக்குக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காட குளிசைய வாங்கிப் போடுறதும், வராமத் தடுக்க எண்டு தன்பாட்டில தினமும் அஸ்பிரின் போடுறதும் வேணாம்.

உள்ளி, கொள்ளு, வெந்தயம், கறுவாத் தண்ணி சாப்பாடாச் சாப்பிடுங்க, ஒருத்தரும் தடுக்கல்ல. குளிசைக்குப் பதிலா எண்டு மட்டும் ஆரும் வித்தா வாங்காதீங்க.

கட்டார், சவூதி, டுபாய் போறவங்க: கையில கொண்டு போக வேண்டியது மருந்து, டொக்டர்ட துண்டில மருந்தோட பொதுப் பேர் (கம்பனிப் பேர் இல்ல), கடைசி ரிப்போட், ஈசிஜி. ஏர்போட்டில கேட்டாலும் காட்டலாம், அங்க கிளினிக்கில அதே மருந்த எடுக்கவும் லேசு. அங்க போய்க் குளிசை முடிஞ்சி விட்டிட்டு ரெண்டு வருசம் கழிச்சி லீவில வந்து பார்க்கிறவங்க மெத்தப் பேர், புள்ளைகளுக்காக உழைக்கப் போனவங்களுக்கு அப்பிடி ஒண்டு நடக்கக் கூடாது.

8. சாப்பாடு, நடை, புகை

முட்டையும் இறாலும்தான் குற்றவாளி எண்டு நம்ம ஊரில ஒரு நம்பிக்கை. உணவில இரிக்கிற கொலஸ்ட்ரோல விட, நிறைவுற்ற கொழுப்புத்தான் எல்டிஎல்ல அதிகமா ஏத்துது. அது எங்க இரிக்கு எண்டா தேங்காய் எண்ணெய், கட்டிப்பால், பாம் ஒயில், நெய், பட்டர், மாட்டுக் கொழுப்பு, முழு ஆடைப் பால்மா, எருமைத் தயிர்ல. இறாலும் கணவாயும் குழம்பா வைச்சி அளவாச் சாப்பிடலாம், அதையே எண்ணெய்ல முக்கிப் பொரிச்சி எடுத்தாத்தான் வினை.

தேங்காய் இல்லாமக் கறி வையுங்க எண்டு மட்டக்களப்பில நான் சொன்னா ஒருத்தரும் கேக்கப் போறதில்ல, அப்பிடிச் சொல்லவும் இல்ல. எங்கட வீட்டில நடந்தது இது: சொதிக்கு மட்டும் பால், மற்றக் கறி தண்ணிக் குழம்பு. புட்டுக்குத் தேங்காய்ப்பூ பாதி. பொரியல் கிழமைக்கு ஒருக்கா. ஒருக்காப் பொரிச்ச எண்ணெய்யத் திரும்பத் திரும்ப வைக்கிறத நிப்பாட்டினம். அம்மா முதல் மாதம் முணுமுணுத்தா, இப்ப அவவே அளந்துதான் ஊத்துறா.

மீனுக்கு நாம குடுத்து வச்ச இடம். சூடை, கீரி, நெத்தலி மாதிரிச் சின்ன மீன் கிழமைக்கு ரெண்டு மூணு தரம் குழம்பா. கருவாடு, ஊறுகாய்ல உப்புக் கவனம், பிறசர ஏத்தும், ஒரு நாளைக்கு மொத்தமா 5 கிராம், ஒரு தேக்கரண்டிதான் கணக்கு. கௌபி, கடலை, பயறு, வெண்டிக்காய், வல்லாரை, முருங்கையிலை, தவிட்டோட அரிசி. பராட்டா, கொத்து, பேக்கரி ரோல்ஸ் பற்றிஸ் தினச் சாப்பாடா இருக்கக் கூடாது. ட்ரைகிளிசரைட் கூட இரிக்கிறவங்களுக்கு எண்ணெய்ய விட சீனியும் சோறும் சாராயமும்தான் முதல் ஆள், தேத்தண்ணிக்கு மூணு கரண்டி சீனி போட்டு ஒரு நாளைக்கு அஞ்சு தரம் குடிக்கிறதக் கூட்டிப் பாருங்க.

ஆனா ஒண்ட நேரடியாச் சொல்லுறன், சாப்பாட்ட மட்டும் மாத்தி எல்டிஎல் குறையிறது பெரும்பாலும் 10, 15 வீதம்தான். அதனால நான் கொழுப்புச் சாப்பிடுறதே இல்ல, எனக்கென்னத்துக்குக் குளிசை எண்ட கதை 190 இரிக்கிறவருக்கு உதவாது. ரெண்டும் வேணும்.

நடை கிழமைக்கு 150 நிமிசம், கதைக்கலாம் ஆனாப் பாட ஏலாத வேகத்தில. கல்லடிக் கடற்கரை, காந்திப் பூங்காப் பக்கம் காலத்தால ஆறு மணிக்கு நல்லம். பகல் பத்துக்குப் பிறகு நம்ம வெயில்ல வேணாம். அட்டாக் வந்தவங்க டொக்டர் சொன்ன பிறகுதான் தொடங்கணும்.

சிகரெட்ட விட்டா ஒரு வருசத்தில இதய ஆபத்து, புகைக்கிற ஆளோட பார்க்க, பாதியளவுக்கு இறங்கும். எந்தக் குளிசையும் இவ்வளவு சுறுக்கா இப்பிடி ஒண்டத் தராது, அதுவும் காசு மிச்சமாகிற வைத்தியம்.

9. காசும் கடதாசியும்

ஒரு ஃபைல் வாங்குங்க. ரிப்போட், ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), கிளினிக் கொப்பி, டிஸ்சார்ஜ் காட், துண்டு எல்லாத்தையும் திகதி வரிசைக்குப் போட்டு, ஒவ்வொண்டையும் போன்ல படம் எடுத்து வீட்டில ரெண்டு பேர்ட போன்ல வைங்க. ஈசிஜி பேப்பர் வெயில்லயும் சூட்டிலயும் மங்கிப் போகும், அதால கட்டாயம் போட்டோக் கொப்பி. பழைய ஈசிஜி ஒண்டு கையில இருந்தா, நெஞ்சு நோவோட போற அண்டைக்கு டொக்டருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அவ்வளவு உதவி.

கிளினிக்கில மருந்து இல்லாட்டி வெளிய வாங்க எழுதித் தருவாங்க. பொதுப் பேர்ல எழுதச் சொல்லிக் கேளுங்க. ஒரே அட்டோவஸ்டட்டின் கம்பனிக்குக் கம்பனி பல மடங்கு விலை வித்தியாசத்தில இரிக்கு, அரசாங்கத்து ஒசுசல கிட்ட இருந்தா அங்க விலையக் கேட்டுட்டு மற்றப் பாமசிக்குப் போங்க. கிளினிக் திகதிக்கு ஒரு கிழமைக்கு முதலே கையில இரிக்கிற குளிசைய எண்ணிப் பாருங்க, லீவு நாள், ஸ்ட்ரைக் வந்தா இடையில வெட்டுப்படக் கூடாது.

பைபாஸ் மாதிரிப் பெரிய செலவு வந்தா ஜனாதிபதி நிதியத்தில உதவி கேக்கலாம், இப்ப பிரதேச செயலகத்திலயே விண்ணப்பம் குடுக்கலாம், கொழும்புக்கு ஓடத் தேவையில்ல. ஒப்பரேசன் நடக்க முதல் குடுக்கணும், அதனால திகதி குறிச்ச அண்டைக்கே பிரதேச செயலகத்துக்குப் போய் என்னென்ன கடதாசி எண்டு லிஸ்ட் எடுங்க, கிராம சேவகர் உறுதிப்படுத்துறது, டொக்டர்ட அறிக்கை, செலவு மதிப்பீடு இதெல்லாம் எடுக்க நாளாகும். அரச வேலையில இரிக்கிறவங்க, அவங்கட குடும்பம் அக்ரஹார காப்புறுதியப் பாருங்க, ஒரிஜினல் பில்ல ஒண்டும் வீசாதீங்க, பில் குடுக்கிற கடைசித் திகதிய ஒபிஸ் கணக்குப் பிரிவில முதல்லயே கேட்டு ஃபைலுக்கு மேல எழுதி ஒட்டி வைங்க.